மூடாத வினிகர் பாட்டில்

வினிகர் அக்கா செத்துப்போன புருஷனைப் புதைக்கவே இல்லை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லாயத்தில் ஒளித்துவைத்துத் தினமும் மத்தியானம் குளிப்பாட்டுகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியது மளிகைக்கடைக்காரர். அதற்குக் கண், காது, மூக்கு வைத்தது தையல்காரர் மனைவி.

"ஒண்டிக்கட்டை பொம்பளை. இந்த ஒரே வாரத்துல நாலு பாட்டில் வினிகர், ரெண்டு குழந்தை ஷாம்பூ, பெரிய டப்பா பவுடர். வீட்டுல குழந்தையும் கிடையாது குட்டியும் கிடையாது. வினிகர் எதுக்கு? நாத்தம் போறதுக்குத்தானே?" என்றார் கடைக்காரர், நாலு பாட்டிலையும் விற்றது தாம்தான் என்பதை மறந்துவிட்டு.

"நான் என் காதால கேட்டேங்க. 'தலையை நிமிர்த்து, கண்ணுல நுரை பட்டுடும்'னு கொஞ்சுறா. கதவிடுக்குல பாத்தேன். உள்ள ஒரு உடம்பு. நீலமா! சத்தியமா நீலம்!" என்றாள் தையல்காரர் மனைவி.

சவப்பெட்டி தூக்கிய நாலு பேரில் ஒருவரும், "இப்ப யோசிச்சா லேசாத்தான் இருந்துச்சு" என்று தன் பங்குக்கு உப்புப் போட்டார்.

இதில் ஷாம்பூ உண்மை, வினிகர் உண்மை, நீலமும் உண்மை. நடந்தது என்னவென்று தெரிய வேண்டுமானால் லாயத்துக்குள் போக வேண்டும். வாருங்கள். கதவு தாழ்வு, தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

உள்ளே நிற்பது ஒரு வெள்ளைக் குதிரை. பெட்டை. வினிகர் அக்காவின் புருஷன் குதிரைவண்டிக்காரர். கல்யாண ஊர்வலமானாலும் சரி, கடைசி ஊர்வலமானாலும் சரி, இழுத்தது இவள்தான். அவர் இவளை 'சின்னவ' என்றுதான் கூப்பிடுவார். "பெரியவளுக்கு ஒரு ரிப்பன் வாங்கித் தந்ததில்ல, சின்னவளுக்கு வாலுக்குக்கூட ரிப்பன்" என்று அக்கா வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவாள். அவரும் மறுக்கமாட்டார்.

குதிரைக்கென்று கடையில் விற்கும் சாமான் எதையும் அந்த மனுஷன் வாங்கியதே கிடையாது. எல்லாம் அக்காவின் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கிளம்பிப் போகும். ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் கலந்து கடைசியாக ஊற்றினால் சோப்புப் பிசுக்கு போகும், ஈயும் அண்டாது. வாலில் சிக்கெடுக்க அவளுடைய கண்டிஷனர். வெள்ளைக் காலில் கறை தெரிந்தால் சோளமாவைத் தேய்த்து உதறிவிடுவார். குளம்பு இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையைப் போட்டுத் தடவினால் உதிர்ந்த முடியெல்லாம் கையோடு வந்துவிடும். அதிலும் ஒரு கையுறையைத்தான் எடுத்துப்போவார், அதன் ஜோடி அனாதையாக ஆணியில் தொங்கும். எதை எடுத்தாலும் மூடியை மட்டும் மூடமாட்டார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நடந்த சண்டையில் பாதி, மூடிக்காகத்தான்.

நாலு மாசத்துக்கு முன்னால் அவர் காலையில் காபி குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். அன்றையிலிருந்து சின்னவள் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் எல்லோரும் குதிரையை விற்றாயிற்று என்றே நினைத்தார்கள். அவளோ உள்ளே தீனியைக் குறைத்து, சுவரில் உரசி உரசி மேலெல்லாம் அழுக்கும் மஞ்சள் கறையுமாக நின்றாள்.

ஒரு திங்கட்கிழமை கொழுந்தன் வந்தான். வண்டியும் குதிரையும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாண ஊர்வலம் கேக்குறாங்க. சனிக்கிழமை மத்தியானம் வந்து பாப்பேன். வெள்ளையா, காலெல்லாம் சுத்தமா நின்னாச்சுன்னா வண்டியில பூட்டுவோம். இல்லைன்னா வியாபாரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், லாரியில ஏத்திட்டுப் போயிடுவான்."

"ஏத்திட்டுப் போய்?"

"அதையெல்லாம் கேக்காதீங்க அண்ணி."

அவர் விட்டுப்போனதில் மூச்சுவிடுகிற உயிர் அது ஒன்றுதான். அக்கா அன்றைக்கே வாளியைத் தூக்கினாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வெள்ளைத் துணி வெளுத்த கை. அவர் என்னென்ன எடுத்துப்போவார் என்பது தெரியும்; அளவு தெரியாது. படுக்கை விரிப்புக்குப் போடும் கணக்கில் சொட்டு நீலத்தை வாளியில் விட்டாள். விரிப்பு வேறு, குதிரை முடி வேறு. ஊற்றி முடித்துப் பார்த்தால், தண்ணீரில் மிதந்து கரை ஒதுங்கிய ஏதோ ஒன்றைப் போல நீலம் பாரித்து நின்றாள் சின்னவள். தையல்காரர் மனைவி எட்டிப் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

எத்தனை முறை அலசினாலும் நீலம் போகவில்லை. அக்கா எல்லா மூடியையும் இறுக்கி மூடி, சாமான்களை லாயத்துச் சுவர் மாடத்தில் வைத்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் அழுதாள்.

செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் சலவைக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. லாயத்துப் பூட்டைத் திறந்தாள். உள்ளே ஈச் சத்தம்கூட இல்லை. சின்னவள் வாசலைப் பார்த்துக் காதை விறைத்துக்கொண்டு நின்றாள். அக்காவைப் பார்க்கவில்லை, அக்காவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில் எதையோ பார்த்தாள். அவள் கண் மெதுவாக நகர்ந்தது, ஆள் ஒருவர் உள்ளே நடந்து வந்தால் எப்படி நகருமோ அப்படி. பிறகு இடது முன்னங்காலைத் தூக்கினாள். தூக்கியதைக் கீழே வைக்காமல், யாரோ மடியில் வாங்கிக்கொண்டது போல அப்படியே மடக்கி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை இறக்கி, இடது பின்னங்கால். அப்புறம் வலது பின்னங்கால். கடைசியாக வலது முன்னங்கால்.

குளம்பு சுத்தம் செய்வதில் அது அவர் வரிசை. பின்பக்கமாகச் சுற்றித்தான் வருவார்.

அக்கா மாடத்தில் கை வைத்தாள். பல் பிரஷ் ஈரமாக இருந்தது. வினிகர் பாட்டிலின் மூடி பாட்டிலுக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடந்தது.

நான் மூடவில்லையோ? மூடினேன். இறுக்கி மூடியதில் உள்ளங்கை சிவந்தது இன்னும் போகவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படியே. அக்கா ஓடவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்தாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாள். ஷாம்பூ, கண்டிஷனர், வினிகர், பவுடர், மாவு டப்பா எல்லாவற்றையும் மாடத்தில் வரிசையாக அடுக்கி ஒவ்வொரு மூடியையும் திருகினாள். ஒரு ரப்பர் கையுறையை எடுத்து வைக்கப் போனவள், கொஞ்சம் யோசித்து ஜோடியையே வைத்தாள். பூட்டிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தரையெல்லாம் ஈரம். வாளி காலி. சின்னவள் உப்பைப் போல வெள்ளையாக நின்றாள். வால் பிரிபிரியாகச் சிக்கில்லாமல் தொங்கியது. மாடத்தில் ஐந்து மூடியும் கழற்றிக் கிடந்தன. கையுறையில் ஒன்றில் மட்டும் முடி ஒட்டியிருந்தது. மற்றது அவள் வைத்த மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அக்கா வாசல்படியில் உட்கார்ந்தாள். காலியாக இருந்த மூலையைப் பார்த்து, "எல்லாம் சரி. ஆனா மூடியை மூடுறதுக்கு என்ன கேடு?" என்றாள்.

சின்னவள் மூக்கால் ஒரு புஸ் விட்டாள்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கொழுந்தன் வந்தான். குதிரையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"அண்ணி! யாரை வச்சுக் கழுவுனீங்க? அண்ணன் கைப்பட்ட மாதிரியே இருக்கு!"

"காலைப் பாருங்க தம்பி. காலும் சுத்தமா இருக்கணும்னுதானே சொன்னீங்க?"

அவன் வலது முன்னங்காலுக்குக் குனிந்தான். சின்னவள் அந்தக் காலைக் கொடுக்காமல் இடது பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. இடது முன்னங்கால் எழுந்தது, மடங்கியது, நின்றது. இறங்கியது. இடது பின்னங்கால். வலது பின்னங்கால். அவன் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக வலது முன்னங்கால் அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி எழுந்தது. குளம்பு இடுக்கிலிருந்து ஒரு துண்டு ஈரமண் தானாகப் பெயர்ந்து, நோண்டி எடுத்தது போலப் பொத்தென்று கீழே விழுந்தது. இன்னொரு துண்டு. இன்னொன்று.

கொழுந்தன் நிமிர்ந்து இரண்டடி பின்வாங்கினான்.

"அண்ணி... ஏதோ வாசனை வருது."

"வினிகர்."

"இல்ல அண்ணி. அண்ணன் தலைக்கு வைப்பாரே, அந்த எண்ணெய்."

"அது தீர்ந்து நாலு மாசமாச்சு தம்பி. சாயங்காலம் வியாபாரியை வரச் சொல்லவா?"

"வேணாம்! சாகுற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்," என்றவன் வாசலுக்குப் போய்விட்டு, வெயிலில் நின்றுகொண்டே திரும்பி, "யாரு சாகுற வரைக்கும்னு நான் சொல்லல," என்று உளறினான். தெருமுனை வரை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் சின்னவள் கழுத்தை நிமிர்த்தி நடந்தாள். தெருவே பார்த்தது. ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. திங்கட்கிழமை அக்கா மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர் வினிகரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, பக்கத்தில் காத்திருந்த தையல்காரர் மனைவிக்கும் கேட்கும்படி கேட்டார்:

"தப்பா நினைக்காதீங்க அக்கா. செத்துப்போன வீட்டுக்காரரை நீங்க தினம் குளிப்பாட்டுறீங்கன்னு ஊருல பேசுறாங்களே?"

"தலைகீழாப் பேசுறீங்க," என்றாள் வினிகர் அக்கா. "நான் அவரைக் குளிப்பாட்டல. அவருதான் வந்து குதிரையைக் குளிப்பாட்டுறாரு. சாமானை வாங்கிக் குடுத்துட்டு மூடியை மூடுறது மட்டும்தான் என் வேலை."