வேலிக்கு வெளியே ஏதுமில்லை

“மனு எழுத இந்தப் புள்ளைக்குத் தெரியும், சரி. காட்டுக்குள்ள எங்க யாரு கெடக்கறாங்கன்னு தெரியுமாக்கும்?”

ஊர்க்கூட்டத்தில் ராசப்பன் மாமா இப்படிக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அதிகாரிகள் வந்த அன்று அவள் அங்கே நிற்கக்கூடாது என்பதற்காக அவளிடம் பொய் சொன்னேன். அதனால்தான் எங்கள் ஊர்ப் பச்சைக் குழந்தைகளைப் புதைத்த மண்மேல் இன்று ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. இடுகாட்டைக் காப்பாற்றியவள் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

காரணம் பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன்... எதுவும் பொருந்தவில்லை.

பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே பழைய இடுகாடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே பெரியவர்களின் அடக்கங்கள், அவற்றுக்கு நடுவே வாளோடு நிற்கும் வீரனின் உருவம் செதுக்கிய பழங்கல். வேலிக்கு வெளியே, ஆடுமாடு மேய்வதற்கென்று அரசு ஒதுக்கிய மேய்க்கால் நிலம். அதற்குப் பின்னாலிருந்த மானாவாரிக் காட்டை வெளியூர்க்காரர்கள் வாங்கி, கல் நட்டு, மனை பிரித்தார்கள். மனைக்குப் போக முப்பதடிப் பாதை வேண்டும். பாதை இடுகாட்டையோ மேய்க்காலையோ தின்றாக வேண்டும்.

ஊர் என்னிடம் வந்தது. என் அப்பா அடுத்தவர் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குக் கொடி கட்டுகிறவர். அம்மா கைநாட்டு. அந்த வீட்டிலிருந்து எம்.காம். முடித்த முதல் ஆள் நான். கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியை நான் எவ்வளவு நேசித்தேன் என்று உங்களிடம் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளை இறந்தால் இடுகாட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வேலிக்கு வெளியே, மேய்க்காலில், ஆவாரஞ்செடிகளுக்கு இடையில் புதைப்பார்கள். கல் நடுவதில்லை. பெற்றவள் கூடப் போகக்கூடாது, இடத்தையும் அவளிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள்.

குழி வெட்டியவர் பூங்கொடியின் அப்பா. சிறுமியாக அவரோடு ஆடு ஓட்டிப் போன பூங்கொடிக்கு, இது இன்னார் பிள்ளை, மிதிக்காதே என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அது அவள் ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்தது. எட்டாவது வரை என்னோடு படித்தவள் அவள். பிறகு ஆடு மேய்க்கப் போனாள். கல்யாணமாகியும் இதே ஊர்தான். புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். எனக்கு அவள்மேல் இரக்கம் உண்டு. அந்த இரக்கம் எனக்குச் சுகமாகவும் இருந்தது... அதையும் எழுதிவிடுகிறேன்.

பாதைப் பேச்சு வந்ததும் அவள் ஊரின் விதியை மீறினாள். பெண்கள் ஒவ்வொருவராக அவளிடம் போனார்கள். தலை நரைத்தவர்கள்கூட. “எம்பட பையன் எங்க கண்ணு?” என்று கேட்டார்கள். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

நான் கலெக்டர் அலுவலகத்துக்கு மூன்று திங்கட்கிழமை அலைந்தேன். வீரக்கல்லைப் படம் எடுத்து இணைத்தேன். சட்டப்பிரிவு தேடி எழுதினேன். என்னை எல்லோரும் மதித்தார்கள். அவள் வந்தால் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. படித்தவளுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போகுமா?

ஒரு நாள் சாயங்காலம் மேய்க்கால் வழியாக வந்துகொண்டிருந்தேன். ஆவாரஞ்செடி ஓரமாக ஒரு பெண் தரையில் குந்தியிருந்தாள். பக்கத்தில் பூங்கொடி நின்றிருந்தாள். குந்தியிருந்தது என் அம்மா. கையில் தூக்குப்போசி மூடி. அதிலிருந்த பாலை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, நாற்பதாம் நாள் போயிருக்கிறான். இருபத்தாறு வயதில், வழியில் நின்றபடி அவர்கள் பேச்சைக் கேட்டு அதைத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “எங்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“உங்கிட்டச் சொல்லி என்ன அம்மிணி பண்றது. நீ படிக்கிற புள்ள. உனக்கெதுக்கு இந்த வெசனம்.”

“அவகிட்டச் சொன்னே.”

“அவளுக்குத்தான் எடம் தெரியும்.”

அம்மா முகம் அன்று தெளிந்திருந்தது. நான் முதல் வகுப்பில் தேறிய அன்றுகூட அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தால் மகிழ்ந்திருப்பீர்களா? மகிழ்ந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் சாப்பிடாமல் படுத்தேன்.

அதிகாரிகள் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. பூங்கொடி ஒவ்வொரு இடத்திலும் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவாள் என்பது ஏற்பாடு. மனுதாரர் என்பதால் தகவல் என் போனுக்குத்தான் வரும். புதன்கிழமை மாலை வந்தது. நாளையே, காலை பத்து மணிக்கு வருகிறார்கள்.

போனை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். அவள் அங்கே குடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆபீசருங்க வாரது வெள்ளிக்கெழமதான, கௌசி? மாத்திக் கீத்திச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப நாளைக்கு ஆட்ட வாய்க்காலுக்கு அக்கட்டால ஓட்டிட்டுப் போறேன். இங்க ஒரு புல்லு இல்ல. வந்து சாயங்காலம் சுண்ணாம்பு கரைக்கோணும்.”

“போயிட்டு வா.”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். யோசித்தேன். அவள் குடம் நிறைகிற வரை எனக்கு நேரம் இருந்தது. குடம் நிறைந்தது, தூக்கி அவள் இடுப்பில் வைத்தும் விட்டேன்.

மறுநாள் காலை அவள் ஆடுகள் போன பிறகு ஊருக்குச் சொன்னேன். “பூங்கொடிக்கும் சொல்லியாச்சுங்க மாமா, வந்துருவா” என்று ராசப்பன் மாமாவிடம் சொன்னேன். பத்து மணிக்கு ஜீப் வந்தது. நான் வரைந்த வரைபடத்தை விரித்துப் பேசினேன். நன்றாகப் பேசினேன். தாசில்தார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் முடிகிற நேரத்தில் கேட்டார்:

“வேலிக்கு வெளிய ஏதாவது அடக்கம் இருக்கா?”

“பூங்கொடின்னு ஒரு புள்ளைக்குத் தெரியுமுங்க சார். ஆளத்தான் காணோம்” என்றார் மாமா.

நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன். “கல்லு கில்லு ஒண்ணுமில்லைங்க மாமா. வாய்ப்பேச்சைச் சொன்னா மொத்த மனுவும் பொய்யின்னு ஆயிரும்.”

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியும் சாமி” என்று நகர்ந்துகொண்டார். அங்கே நின்றிருந்தவர்கள் ஆண்கள் மட்டும்தான், அவர்களுக்கும் அந்தப் பேச்சை எடுக்க இஷ்டமில்லை.

தாசில்தார் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். வேலிக்கு வெளியே அடக்கம் ஏதுமில்லை. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்... தமிழில், முழுப் பெயரும் தெளிவாக.

இடுகாடு தப்பித்தது. வீரக்கல்லும் தப்பித்தது. பாதைக்கு மேய்க்காலில் ஒரு துண்டு போனது. ஊர் அதை வெற்றி என்றது, பொன்னாடை வந்தது.

வண்டிகள் ஆவாரஞ்செடிகளைப் பிடுங்கத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் ஓடினார்கள். அப்போது அவர்கள் கோபம் யார்மேல் திரும்பியது தெரியுமா? பூங்கொடிமேல். “முக்கியமான நாள்ல ஆடு மேய்க்கப் போயிட்டா பாரு” என்றார்கள். “எனக்கு யாரும் சொல்லலீங்க” என்றாள். யாரும் நம்பவில்லை. சொல்லியாச்சு என்று சொன்னவள் படித்தவள் ஆயிற்றே.

அவள் என்னைத் தேடி வந்து ஒரு தடவை கேட்டாள். “குழாயில பேசினப்ப உனக்கும் தெரியாதுதான புள்ள?”

“காலையிலதான் போன் வந்துச்சு. உங்கிட்டச் சொல்லச் சொல்லி ஆளனுப்பினேன், அதுக்குள்ள நீ போயிட்டே போல.”

“அதான் பாத்தேன். நீ சொல்லாம இருப்பியா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த ஒரு வாக்கியத்தை எட்டு மாதமாகச் சுமக்கிறேன். அம்மாவின் ஆறுதல் வேறு: “நீ என்ன அம்மிணி பண்ணுவே, உன்னால ஆனத நீ செஞ்சுட்டே.” அவள் ஆறுதல் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். தூக்குப்போசி மூடியை அவள் கையில் பிறகு நான் பார்க்கவில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதும் பொறாமை இருக்கிறது. ஊர் தன்னோடு பேசாத நாட்களிலும் அவள் ஜல்லி ஓரமாக ஆடுகளை ஒதுக்கி, இன்னும் மிதிக்க விடாமல் ஓட்டிப் போகிறாள். அதைப் பார்க்கும்போது வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வருவது அதுதான்... இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக நல்லவளாக இருக்க முடிகிறது?

போன வாரம் பாதைக்குத் தார் போடும் பேச்சு வந்தது. தார் விழுந்துவிட்டால் பிறகு அளந்து பார்க்க ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை போய்ப் புதிய மனு கொடுத்தேன். புலத்தணிக்கையில் நான் கையெழுத்திட்ட வரி பொய் என்றும், இடம் அறிந்த சாட்சியை வரவிடாமல் செய்தது நானே என்றும், பூங்கொடியை வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்றும் எழுதினேன். முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். மறு அளவை வருமா என்று யாரும் சொல்லவில்லை.

இன்று காலை நகலைக் கொண்டுபோய்ப் பூங்கொடியிடம் நீட்டினேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். குழாயடியில் நான் சொன்ன பொய்யை எழுதியிருந்த வரியில் விரல் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு முழுவதும் படித்து, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ரோலர் வண்டி எப்ப வாருது?”

“அடுத்த வாரம்னு சொல்றாங்க.”

“உங்கொம்மாகிட்டச் சொல்லிட்டியா?”

“இல்ல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பட்டிக் கதவைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். மனுவின் முதல் வரியிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல், சத்தமாக வாசித்தேன். என் பெயர் வரை வாசித்தேன். வாசித்து முடித்து வெகுநேரமாகிறது. அம்மா இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.