பதினொரு ஒன்றுகள்

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தேன். வீட்டில் நானும் அக்காவும் மட்டும். கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவள். இரண்டாம் வருடத்தில் இதய வால்வு கெட்டுப்போய் வீட்டோடு ஆகிவிட்டாள். படி ஏறக்கூடாது, பஸ்ஸில் போகக்கூடாது. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருவது: 11111111111. மூன்று ஒன்றுகளை மூன்று வகுத்துவிடும். ஐந்து ஒன்றுகளும் ஏழு ஒன்றுகளும்கூட உடைந்துவிட்டன. இது உடையாது என்று அவளுக்குத் தோன்றியது.

"இது பகா எண்தான்டா. எனக்கு உறுதியா தெரியும்" என்றாள்.

நிரூபிக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒரு லட்சத்தைத் தாண்டும்வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும் நாட்களில் அவள் படுத்துக்கொண்டே எண்ணைச் சொல்வாள், நான் வகுப்பேன். கிடங்கிலிருந்து வந்து சாயா குடித்ததும் நாலு கணக்கு, ஐந்து கணக்கு. இரண்டரை வருடத்தில் முப்பதாயிரத்தைத் தொட்டோம். எதுவும் வகுக்கவில்லை. அதற்குள் அவள் கால்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. மீதிக்குத் தனக்கு நாள் இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, பழைய கணக்கு டீச்சருக்குக் கடிதம் எழுதினாள்.

வந்த பதிலை நான்தான் படித்துக் காட்டினேன். 21649-ஐ 513239-ஆல் பெருக்கினால் இந்த எண் வரும், எப்போதோ கண்டுபிடித்த விஷயம் என்று எழுதியிருந்தார். இதை வகுக்கும் எந்த எண்ணையும் 22-ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வருமாம். அது தெரிந்திருந்தால் பத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தால் போதும்.

"அந்த 21649-ஐ நாம பார்த்தோமேடா."

நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. 70121-இல் 64947 போனால் 5174. நான் 5184 என்று எழுதியிருந்தேன். கடைசியில் மீதி பத்தாயிரம் என்று வந்திருந்தது. ஒழுங்காகப் போட்டிருந்தால் பூஜ்யம்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "யாரு போட்டது?"

"நீதான்க்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"நானா? அன்னைக்கு சுகமில்லாம இருந்திருக்கும்" என்றாள். நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை.

பிறகு அவள் பென்சிலைத் தொடவேயில்லை. பதின்மூன்று ஒன்றுகளை எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குக் கணக்கு வராதுடா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். இடையில் ஏழு மாதம் இருந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன். சொல்லவில்லை.