கார் தரையில் நிற்கும்போது

அம்மா தையற்காரி. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மூட்டை கட்டி, பழைய காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டினாள். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வார். அவள் வேறு வழியில் போவாள்.

அவளுக்குப் பாம்புக் காது. தையல் மெஷினின் ஓசை லேசாக மாறினாலே, நூல் அறுவதற்கு முன்பு காலை எடுத்துவிடுவாள்.

போன வருடம் விடுமுறையில் வந்தபோது, முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் ரப்பர் புஷ்களை நான்தான் மாற்றினேன். இரண்டு மாதத்தில் ஃபோன் செய்தாள்.

"இஞ்சினியரம்மா, நீ கை வச்சதுலேருந்து வண்டி முனகுது."

"புது ரப்பர்மா. போகப் போகச் சரியாயிடும்."

"மெஷின் பொய் சொல்லாதுடி. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்."

"வரேன்மா" என்றேன். மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் அதையே சொன்னேன். நான் வந்து சேர்ந்தது அவள் உடலை எடுக்கும் நாளில்.

ஒரு மாதம் கழித்துக் காரை ஜாக்கியில் ஏற்றினேன். இரண்டு பக்கமும் ரப்பர் முறுக்கிக் கிழிந்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுக்க முடுக்கியிருக்கிறேன். அப்படி முடுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு குழியிலும் இன்னும் திருகும். முதலாம் ஆண்டிலேயே படித்த பாடம். அன்று மழை வரும்போல இருந்தது. அவசரப்பட்டேன்.

புது புஷ்களைப் போட்டு, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகினேன். சக்கரங்களுக்கு அடியில் தடித்த கட்டைகளை வைத்து ஜாக்கியை இறக்கினேன். கார் தன் கனத்தில் உட்கார்ந்த பிறகுதான் முடுக்க வேண்டும். இந்தக் காரின் கையேடு இன்னொன்றும் கேட்டது: ஓட்டுபவர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும்.

"அப்பா, டிரைவர் சீட்ல கொஞ்சம் உக்காருங்க."

"அது அவ இடம்மா. ஏதாவது மூட்டையத் தூக்கி வையேன்."

"அம்மாவுக்குப் பதிலா மூட்டையா?"

சிரித்துவிட்டார். "அவ காதுல விழுந்திருந்தா தொலைஞ்சேன்" என்று கதவைத் திறந்தார்.

அம்மா குள்ளம். சீட் அவள் தள்ளி வைத்தபடியே முன்னால் ஒட்டிக்கிடந்தது. நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன். மேலே அவர் முட்டி ஸ்டீயரிங்கில் இடிப்பது கேட்டது.

"சீட்டுக்கு அடியில கம்பி இருக்கும்பா. இழுத்துப் பின்னால தள்ளிக்கோங்க."

"வேணாம்."

"முட்டி இடிக்குதே."

"இடிக்கட்டும். நீ முடுக்கு."

ஸ்பேனரில் முடுக்க வேண்டிய அளவை வைத்து நிதானமாக இழுத்தேன். டக். அளவு வந்துவிட்டதற்கான சத்தம். மொத்தம் நான்கு போல்ட், நான்கு டக். எழுந்து வந்து, காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டேன். முனகல் இல்லை. இதை அவள் கேட்டிருக்க வேண்டும்.

அப்பா இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சாம்மா?"

"இல்லப்பா. இன்னும் ஒண்ணு பாக்கி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வெறுங்கையோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.