சித்தூர் பஸ்ஸில் வந்த சீட்டு

முடிதிருத்தும் கடையில் முறைக்காகக் காத்திருந்தபோது கையில் கிடைத்த பத்திரிகையில் ஒரு படம். பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு, தங்களுக்குப் பொதுவான ஆற்றின் வெள்ளத்தைச் சேர்ந்து தடுப்பது என்று கையெழுத்துப் போடுகின்றன. நீளமான மேஜை, நான்கு பேனா, சிரித்த முகங்கள். மேஜை ஓரத்தில் சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு. எனக்குக் கோப்பைக் கண்டால் போதும், மூக்கில் கோந்து வாசனை ஏறிவிடும். பத்து வருஷத்துக்கு முந்தைய கோந்து.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. காஞ்சிபுரத்தில், பாலாற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆபீசில் எழுத்தர் வேலை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான்தான். அப்பா கூலிக்குத் தறி நெய்தவர், கட்டைவிரல் ரேகைதான். அதனால் எங்கள் வீட்டில் காகிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லாது என்று அப்பா நம்பினார். படித்த நான் அவரைவிட அதிகமாக நம்பினேன்.

பாலாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வருஷத்தில் பத்து மாதம் அது வெறும் மணல். செவிலிமேட்டுக் கரையில் நின்றால் எதிர்க்கரை ஊர்க்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் விஷயம். அதுவும் இங்கே மழை பெய்து வந்தால் பரவாயில்லை. ஆந்திரா பக்கத்து மலையில் பெய்து, பொன்னை ஆற்றில் இறங்கி வரும் தண்ணீர், நம் ஊரில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போது வந்து நிற்கும்.

ரங்கய்யா எனக்குப் பழக்கமானது ஒரு கல்யாணப் புடவையால். சித்தூர் பக்கத்துக்காரர்கள் பெண்ணுக்குப் புடவை எடுக்க இங்கேதான் வருவார்கள். எங்கள் அடுத்த வீட்டு நெசவுக்காரரிடம் புடவை எடுக்க வந்தவர், நான் ஆற்று ஆபீசில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் புடவையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுகிறவர் அவர்.

"அக்கட நான் பாக்கற தண்ணிதானே தம்பி, இக்கட மறுநா நீ பாக்கற. முன்னாடியே சொன்னா நல்லது காதா?"

"எப்பிடி சார் சொல்லுவீங்க? ரெண்டு ஆபீசுலயும் போன்கூட இல்லியே."

"பஸ்ஸு ஓடுதுல்ல."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். மேஜை இல்லை, பேனாகூட இல்லை. அவர் பெண்டாட்டி அதற்குள் நான்கு புடவையை ஒதுக்கியிருந்தாள்.

காலையில் புறப்படும் சித்தூர் பஸ் பத்து மணிக்குக் காஞ்சிபுரம் வரும். கண்டக்டர் காதர் பாய் இந்த ஊர்க்காரர். வெற்றிலைச் சிவப்பு மாறாத வாய். ரங்கய்யா ஒரு துண்டுச் சீட்டில் எத்தனை அடி என்று எழுதிக் கொடுத்தனுப்புவார். மூன்று என்றால் கவனம். ஐந்து என்றால் ஆற்றில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. டீசலும் வெற்றிலையும் மணக்கும் அந்தச் சீட்டை நீட்டி, "இந்தா துரை, உங்க மாமனார் ஊட்டுக் கடுதாசி" என்பார் பாய். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு செவிலிமேட்டுக்கு ஓடுவேன். தண்ணீர் ஆற்றின் வளைவெல்லாம் சுற்றி வரும். பஸ் அப்படி இல்லையே. மூன்று மழைக்காலம், ஒரு கன்றுக்குட்டிகூடப் போகவில்லை.

ஓடிப்போய் நான் முதலில் கூப்பிடுவது பச்சையம்மாவை. அவளும் புருஷன் கன்னியப்பனும் ஆற்றின் நடுவே நாணல் மண்டிய திட்டில் எருமை மேய்ப்பவர்கள். அவன் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றப் போய்விடுவான். அவள் ஏழு எருமையோடு திட்டில் இருப்பாள். நான் கரையிலிருந்து கத்தினால், "இங்க தூறல்கூட இல்ல, அதுக்குள்ள வந்துட்டாரு தண்ணி ஆபீசரு" என்று கேலி பேசிக்கொண்டே மாட்டை ஏற்றுவாள். கேலி பேசாமல் அவள் ஒருநாளும் ஏறினதில்லை. ஏறாமலும் இருந்ததில்லை.

இது இப்படியே போயிருக்கலாம். நான் படித்தவனாயிற்றே. இவ்வளவு நல்ல காரியம் வெற்றிலைக்கறை படிந்த சீட்டில் நடக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. நான்கு நாள் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ரங்கய்யா அவர்களின் தன்னலமற்ற சேவையைப் பாராட்ட வேண்டும், இந்த ஏற்பாட்டை இரண்டு அரசுகளும் முறைப்படுத்த வேண்டும் என்று. அவர் பெயருக்குக் கீழே இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன், கண்ணில் படட்டும் என்று.

கண்ணில் பட்டது. ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு மெமோ வந்தது: வேறு மாநில ஊழியரோடு அனுமதியில்லாமல் தகவல் பரிமாறியதற்கு விளக்கம் கேட்டு. ரங்கய்யாவை ஆறே இல்லாத ஏதோ ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கூடவே ஓர் உத்தரவு. இனி வெள்ளச் செய்தி அவர்கள் தலைமையிடம் போய், அங்கிருந்து நம் தலைமையிடம் வந்து, அங்கிருந்து ஜில்லாவுக்கு வந்து, எங்களுக்கு வரும். அப்படி வராத செய்தியின்பேரில் யாரும் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெமோவை மறைத்துவிட்டு அந்த உத்தரவை மட்டும் அப்பாவிடம் காட்டினேன். "என் கடுதாசியால ரெண்டு கவர்மெண்டு பேசிக்கினு இருக்குதுப்பா" என்றேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த கார்த்திகையில் ஒரு நாள், பத்து மணி. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் இருக்கிறேன், கன்னியப்பன் பால் அளந்துகொண்டிருக்கிறான். காதர் பாய் பஸ்ஸிலிருந்து குதித்து நேரே வந்தார்.

"துரை, சீட்டு இல்ல. ஆனா கண்ணால பாத்தேன். வழியில பாலத்தை முட்டிக்கினு போவுது தண்ணி. சொல்லிடுபா."

கன்னியப்பன் செம்பைக் கீழே வைத்தான். "ஏன் சார், மாட்டை ஏத்திடட்டுமா?"

வெளியே வெயில். என் சட்டைப் பையில் அந்த மெமோவின் நகல் இருந்தது. ஏனோ அதைக் கூடவே வைத்திருந்தேன்.

"ஆபீசுக்குத் தாக்கல் தகவல் ஒண்ணும் வரல கன்னியப்பா. வந்தா நானே சைக்கிள்ல வந்து சொல்றேன்."

"தாக்கல் வந்தாத்தான் தண்ணி வருமா?" என்றார் பாய்.

"இப்பல்லாம் முறைப்படிதான் பாய்."

பாய் என்னைப் பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். கன்னியப்பன் ஆற்றுக்குப் போகவில்லை. மூன்று வருஷம் பொய்க்காத வாய் என்னுடையது. புண்ணாக்கு வாங்க மண்டிக்குப் போனான்.

ஆபீசில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்தார், வேறு கடிதங்கள். சாயங்காலம் நான்கு மணிக்குத் தாக்கல் வந்தது, தெருவில் ஓடிய ஜனங்களின் கூச்சலாக. நான் கரைக்குப் போனபோது திட்டு இல்லை. கன்னியப்பன் தோளில் புண்ணாக்கு மூட்டையை இறக்காமலே நின்றுகொண்டிருந்தான். இரண்டு எருமை நீந்திக் கரையேறியிருந்தன. பச்சையம்மாவை மூன்றாம் நாள் திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள்.

அங்கே வைத்துத்தான் என்னிடம் பேசினான். திட்டவில்லை.

"அந்தத் தாக்கல் வந்துச்சா சார்?"

"இல்லை" என்றேன்.

அது ஐந்தாம் நாள் வந்தது. 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய உறை. நானே முத்திரை குத்தி, எண் போட்டு, 'பெறப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் ஒட்டினேன். கோந்து காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்மீது விசாரணை வரவில்லை. நான் முறைப்படி நடந்திருந்தேன்.

கன்னியப்பன் மீதி இரண்டு எருமையையும் விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டான். காதர் பாய் அதன்பிறகு என்னைத் துரை என்று கூப்பிட்டதில்லை. போன வருஷம் காலமானார். ரங்கய்யாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. திட்டு இருந்த இடத்தில் இப்போது மணல் அள்ளும் வண்டிகளின் தடம்.

சித்தூர் பஸ் மட்டும் பத்து மணிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் நான் போய்ப் படிக்கட்டுக்கு எதிரே நிற்பேன். புதுக் கண்டக்டர் சின்னப் பையன். நேற்றும் கேட்டான்.

"எங்க சார் போவணும்?"

எங்கேயும் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டேன்.