அதிகாரி வந்த அன்று போட்ட கணக்கு

கணக்கு டீச்சருக்கு ஒரு வழக்கம். தினமும் கரும்பலகையில் போடும் கணக்கில் வேண்டுமென்றே ஒரு தப்பை நுழைத்துவிடுவார். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அந்த ஏழாம் வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்கள்கூடக் கிடையாது. "தப்பு போடவா உன்ன வேலைக்கு வெச்சிருக்காங்க?" என்று அவருடைய அக்கா கேலி செய்வாள்.

வேலையும் நிலையானதில்லை. ஓரிடத்தில் ஒருவருக்குப் பிரசவ விடுப்பு, இன்னோரிடத்தில் ஒருவருக்குக் கால் முறிவு என்று பள்ளி பள்ளியாக ஒட்டுப் போட்டே காலம் தள்ளியவர். இங்கேதான் முதன்முறையாக நிரந்தரம் என்ற பேச்சு எழுந்தது. கல்வி அதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் எங்காவது யாருக்காவது கால் முறிய வேண்டும்.

அதிகாரி அம்மாள் வந்து கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். இன்று தப்பே கூடாது என்று டீச்சர் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

நீளம் இருபது மீட்டர், அகலம் பன்னிரண்டு மீட்டர் உள்ள தோட்டம். அதைச் சுற்றி வெளியே இரண்டு மீட்டர் அகலத்தில் பாதை. பாதையின் பரப்பளவு என்ன? டீச்சர் மளமளவென்று போட்டார். வெளி நீளம் இருபத்திரண்டு, வெளி அகலம் பதினான்கு.

ஜன்னலோரத்துப் பெண் துள்ளி எழுந்தாள். "கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்! பாதை ரெண்டு பக்கமும் இருக்கு. நீங்க ஒரு பக்கத்தத்தான் சேத்திருக்கீங்க. அந்தப் பக்கம் போறவங்க செடிய மிதிச்சிக்கிட்டா போவாங்க?"

வகுப்பே கைதட்டியது. டீச்சர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்; அவள் சொன்னது சரிதான். 'வேண்டுமென்றேதான் போட்டேன்' என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஆவலோடு பார்க்கும் அந்த முகங்களிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"இது நெஜமாவே நான் பண்ணின தப்பு."

பிள்ளைகள் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு அத்தனை தலைகளும் மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்பின. "அப்போ நீங்க ஒளிச்சு வெச்ச தப்பு எங்க இருக்கு?"

"இன்னைக்கு வெக்கல. மேடம் வந்திருக்காங்கல்ல, பயமா இருந்துச்சு."

"அவங்க வந்தா எங்களுக்குத் தப்பு கெடையாதா?" ஒருவன் பொறுக்க முடியாமல் கேட்டான். ஏமாற்றிவிட்டதாக வகுப்பு முணுமுணுத்தது.

அதிகாரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கையில், தானே போட்டுப் பார்த்த தாளிலும் இருபத்திரண்டு, பதினான்கு என்றுதான் இருந்தது. தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு இவங்களுக்கு ரெண்டு தப்பா போட்டுக் குடுத்துருங்க டீச்சர். அடுத்த வருஷமும் கேப்பாங்க, பழகிக்குங்க."

டீச்சருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தாங்க முடியாத சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பி நின்று கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தார்.

"அழிக்காதீங்க டீச்சர்," என்று பின்னால் எல்லாரும் கத்தினார்கள். "இன்னும் விடையே வரல!"