கால் ஆடாத தாளம்

அன்று சபையின் பக்க அறையில் இருந்தவர்கள்: ஐயர், செக்ரட்டரி தங்கய்யன் சார், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி கிரேஸ் சித்தி, நான். நாலே பேர். ஐயர் என்றால் எங்கள் போதகர். பிராமணர் தெருக்கள் உள்ள கிழக்கேகோட்டையில் இந்த வார்த்தையைச் சொல்லி நான் பட்டது தனிக்கதை.

போன வாரம் சபை வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ கேட்டிருந்தார், ராக் இசை கேட்பது கிறிஸ்தவனுக்குப் பாவமா என்று. கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, வழக்கம்போல, பயமும் வந்தது. நாங்கள் இதற்குத் தீர்ப்பு எழுதி இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மைக்செட் கடையில் வயர் சுற்றுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். சபைக் கீபோர்டு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து நான் தலையசைத்த பிறகுதான் டிகிரி படித்தவர்களும் பாட வாயைத் திறப்பார்கள். அந்த ஸ்டூல் போனால் எனக்கு உலகத்தில் வேறு மரியாதை கிடையாது.

ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் நடுவே விரல் தவறி டிஸ்கோ பட்டனில் பட்டுவிட்டது. பை ஏந்தி வந்த மூப்பர் இரண்டு அடி துள்ளி நடந்தார். அடுத்த நாளே பக்க அறையில் விசாரணை.

கீபோர்டில் பட்டனைத் தட்டினால் தானே ஓடுகிற இருபத்துநாலு தாளம். எது பரிசுத்தம், எது பாவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது, அதன் பிறகு என்னை வைப்பதா விடுவதா என்று யோசிப்பது என்று முடிவாயிற்று. தங்கய்யன் சார் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், எதற்கும் ஒரு விதி வேண்டும் அவருக்கு.

"கால் ஆடிச்சுன்னா அது மாம்சம். ஆடல்லேன்னா ஆவி. மேசைக்கு அடீல நான் பாத்துக்கிடுதேன், நீ ஒண்ணொண்ணாப் போடு."

போட்டேன். சம்பா தாளத்துக்கு ஐயரின் செருப்பு ஆடியது. ரும்பாவுக்குச் சித்தியின் கால்.

"அது வாதமாக்கும் சாரே. மழைக்காலம் அப்பிடித்தான்" என்றார் சித்தி.

குனிந்திருந்த சாரின் காலும் ஆடியது. அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சொல்ல எனக்கென்ன பைத்தியமா? கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று, வால்ட்ஸ். ஒரு கால்கூட அசையவில்லை. பெயரைப் பார்த்தால் ஜெர்மன் மிஷனரி மாதிரி இருக்கிறது என்று சார் வேறு திருப்திப்பட்டார். மற்ற பட்டன்கள் மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். மருந்துக்கடையில் அந்த வாசனை வந்தால் இன்றும் எனக்கு மாம்சம்தான் ஞாபகம் வரும். ஸ்டூல் தப்பியது.

மூன்று மாதம் கழித்து கோவளத்தில் ஒரு ஹோட்டல் விருந்துக்கு ஸ்பீக்கர் வைக்கப் போனேன். வெள்ளைக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக, இடுப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. அப்பமும் ரசமும் வாங்கும்போது நாங்கள் பாடும் திருவிருந்துப் பாட்டின் தாளம். வாசித்தவரிடம் அந்த ஆட்டத்தின் பெயர் கேட்டேன். வால்ட்ஸ் என்றார்.

சொன்னால் மிஞ்சிய ஒரு தாளமும் போகும், கூடவே ஸ்டூலும். சொல்லாவிட்டால் சபை முழுவதும் என்னால் நரகத்துக்கு. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் கிரேஸ் சித்தியிடம் மட்டும் சொன்னேன். மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவே இல்லை.

"நம்ம சபையில ஆரு மக்களே ஆரோட இடுப்பப் பிடிச்சா?"

"ஆரும் பிடிக்கல்ல சித்தி."

"அப்பம் பேசாம வாசி."

பதினோரு வருஷம் வாசித்தேன். திருவிருந்து ஞாயிறுகளில் தங்கய்யன் சார் கண்ணை மூடி, தோளை இடமும் வலமுமாக அசைத்து உருகிப் பாடுவார். கால் மட்டும் கல் மாதிரி இருக்கும். தோளைப் பற்றிக் கமிட்டி எதுவும் தீர்மானித்திருக்கவில்லை.

சார் இப்போது இல்லை, சித்தியும் இல்லை. ஐயர் மாற்றலாகிப் போய் எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். டிரம்ஸ் இருக்கிறது, கலர் விளக்கு இருக்கிறது, பாட்டை லேப்டாப் தொடங்கிவைக்கிறது. நான் பின் வரிசை. போன மாதம் டிரம்ஸ்காரர் ஒரு பாட்டு முழுவதையும் தப்பான தாளத்தில் அடித்தார். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். ஆராதனை முடிந்து, படியிறங்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவரை ஒருவரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.