பால்கனிக்கு நாலு ஷிஃப்ட்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கோலார் தங்க வயலில் ஒரு அதிசயம் நடந்தது. நாடகம் பார்க்கக் கூட்டம் வந்தது! டிவி, செல்போன் எல்லாவற்றையும் வீட்டில் போட்டுவிட்டு... சரி, செல்போனை விடவில்லை. ஆனாலும் வந்தார்கள்.

வந்ததுதான் பிரச்சினையாகிவிட்டது. முதலிலிருந்து சொல்கிறேன்.

மைசூர் மைன்ஸ் பக்கம் பழைய தியேட்டர் ஒன்று உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி கட்டியது. நாடகம், சினிமா, பாட்டுக் கச்சேரி எல்லாம் நடந்த இடம். சுரங்கத்தை மூடினார்கள், தியேட்டரும் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் தினமும் ஹவுஸ்ஃபுல்தான் — புறாக்கள்!

அதைத் திறந்தே தீருவேன் என்று கிளம்பியவள் என் தோழி கஸ்தூரி. ஸ்கூல் டீச்சர். சின்னதாக ஒரு நாடகக் குழுவும் நடத்துகிறாள். இத்தனை வருஷமும் ஒத்திகை நடந்தது அவள் வீட்டு மொட்டை மாடியில். மழை வந்தால் ராஜாவும் எதிரி ராஜாவும் ஒரே குடையில் நிற்பார்கள்.

"நம்ம ஊர்ல அவ்ளோ பெரிய ஸ்டேஜ் பூட்டிக் கெடக்குது. நான் இன்னாத்துக்குத் துணி காயப்போடற எடத்துல டயலாக் பேசிக்கினு இருக்கணும்?" என்பாள். நியாயம்தானே?

கட்டிடம் ஒரு ஆபீஸின் பொறுப்பில் இருந்தது. கஸ்தூரி அலையாய் அலைந்தாள். கடைசியில் மேனேஜர் இறங்கிவந்தார்.

"நீங்களே ரிப்பேர் பண்ணிக்குங்க. ஒரே ஒரு ஷோ போட்டுக் காட்டுங்க. கலாட்டா இல்லாம முடிஞ்சா சாவி உங்களுக்கு. ஏதாவது ஆச்சுன்னா மறுபடியும் பூட்டுதான். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடந்தது. மற்ற நாட்களில்தான் பாதி ஊர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்விடுகிறதே! காபி குடித்த டம்ளரைக் கழுவாத என் வீட்டுக்காரர், அங்கே வந்து புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவினார். நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது கண் வைக்கக் கூடாது.

பால்கனி மரத்தால் ஆனது. அதைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். தட்டினார், தடவினார், கீழே புதுத் தூண் கொடுத்தார். பிறகு தன் கன்னடத் தமிழில் தீர்மானமாகச் சொன்னார்: "ஒரு டைமுக்கு ஐம்பது பேர். அதுக்கு மேல பேடா மேடம், பேடா!" வேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் பேடா.

ஐம்பது பேர்தானே, சிறப்பு விருந்தினர்களை மேலே உட்காரவைத்துவிடலாம் என்று நாடகத்துக்காகப் போட்ட எங்கள் கமிட்டியில் முடிவெடுத்தோம். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டோம்.

ஏன் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் பால்கனி ஆபீசர்களுக்கு மட்டும். அவர்களுக்கு வெளியே தனி வாசல், தனிப் படிக்கட்டு, மேலே குஷன் சீட். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கீழே பெஞ்சு. என் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். எங்களைப் படத்துக்குக் கூட்டிப்போவார். இடைவேளையில் ஒரு தரம் திரும்பி மேலே பார்ப்பார்.

"மேல இன்னாப்பா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஃபேன் இருக்குதும்மா" என்றார். துண்டை எடுத்து எனக்கு விசிறினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கதவைத் திறந்தோம். வந்த கூட்டம் மொத்தமும் நேரே பால்கனிக்கு ஏறிவிட்டது! கீழே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மேலே நெருக்கியடித்துக்கொண்டு ஜனம். படிக்கட்டிலும் ஜனம்.

கீழே உட்காரவைக்கும் பொறுப்பு கமிட்டி மெம்பரான உனக்குத்தானே, நீ எங்கே போனாய் என்கிறீர்களா?

பால்கனியில் இருந்தேன். முதல் வரிசை, நடு சீட்டு. தலைக்கு மேலே புது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காற்று நன்றாக வந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

"இறங்குங்க சார்! பேடா சார்!" என்று நாடகத்துக்கு வந்திருந்த அந்த இன்ஜினியர் படிக்கட்டில் நின்று கதறினார். யார் கேட்டார்கள்?

"தம்பி, நீ வெளியூரு, ஒனக்குத் தெரியாது" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர். "எங்க தாத்தா, எங்கப்பா, நானு... மூணு பேரும் கீழயே உக்காந்துனு இருந்தோம். இன்னிக்கு ஒரு நாளு மேல குந்தினா இன்னா?"

வாசலில் மேனேஜர் முகம் இறுகிவிட்டது. "கேன்சல் பண்ணிடுங்கம்மா. யாராவது விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்றார்.

கஸ்தூரி மேடைக்கு ஓடிவந்தாள். நாடகத்தில் அவள்தான் இன்ஸ்பெக்டர். காக்கி உடுப்பு, கையில் லத்தி, கண்மையால் வரைந்த மீசை. "தயவுபண்ணி எல்லாரும் எறங்குங்க!" என்று கெஞ்சினாள். நாடகம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஜனம் கைதட்டியது! அவள் அண்ணாந்து கெஞ்சியதால் முதல் வரிசையில் இருந்த எனக்கு முகம் தெரிந்தது, மீசை கண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்தேன். அடுத்த நொடி என் சீட்டில் வேறொருவர் இருந்தார்.

அப்போது படிக்கட்டின் கீழ்ப்படியிலிருந்து ஒரு குரல். மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் சரோஜாம்மா. முழங்கால் வலியோடு கடைசியாக வந்து, ஏற வழியில்லாமல் நின்றவர்.

"இன்னாத்துக்குச் சண்ட? ஷிஃப்ட்டு போடுங்கப்பா! நாலு சீனுதான? சீனுக்கு ஒரு ஷிஃப்ட்டு!"

ஷிஃப்ட்! எங்கள் ஊரில் இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. சுரங்கம் போனாலும் ஷிஃப்ட் போகவில்லை. இன்றைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கும் அதேதான்.

"நான் எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டுக்கொண்டே ஜனம் தானாக இறங்க ஆரம்பித்தது. சீன் முடிந்தால் மணி. மேலே இருப்பவர்கள் இறங்குவார்கள், அடுத்த ஐம்பது பேர் ஏறுவார்கள். ஒரு தள்ளுமுள்ளு? ஒரு சத்தம்? கிடையாது. அந்தக் காலத்தில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய கூண்டு லிஃப்டில், அதாவது கேஜில், இப்படித்தான் தலையை எண்ணி ஏற்றுவார்கள். இந்த முறை கேஜ் மேலே போனது!

லேட்டாக வந்த சிறப்பு விருந்தினர் பால்கனிப் படியில் காலை வைத்தார். "சார், நீங்க மூணாவது ஷிஃப்ட்டு" என்று வழியை மறித்தார் இன்ஜினியர். அதற்குள் அவரும் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

நாலாவது ஷிஃப்டில் சரோஜாம்மா, மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தார். அப்புறம் தியேட்டருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"அய்ய! இங்கருந்து பாத்தா இன்ஸ்பெக்டரு தொப்பிதான் தெரியுது! இதுக்காடா இத்தினி வருசம் நம்மள ஏத்தாம வெச்சிருந்தானுங்க?"

தியேட்டரே சிரித்தது. கஸ்தூரி வசனத்தை மறந்து, லத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். முந்தைய மூன்று ஷிஃப்ட்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் தொப்பிதான் தெரிந்தது. பாதி வசனம் காதில் விழவே இல்லை. ஆசைப்பட்டு ஏறிவிட்டு அதை எப்படி வெளியே சொல்வது என்று இருந்துவிட்டோம்!

நாடகம் முடிந்ததும் மேனேஜர் மேடையேறி, சாவியைக் கஸ்தூரியின் கையில் வைத்தார். அவள் அதை இறுக்கி மூடிக்கொண்டு அழுதாள். மிச்ச மீசையும் போனது.

ஒன்று புரிந்தது. மேலே ஒன்றுமில்லை என்று கீழே இருந்துகொண்டு சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டுச் சொன்னால்தான் அது அபிப்பிராயம்.

அடுத்த நாடகத்துக்கு எல்லோரும் இப்போதே கீழே இடம் கேட்கிறார்கள். பால்கனி வேண்டுபவர்கள் தாராளமாக வரலாம் — ஃபேன் இருக்கிறது.